"சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போவேன்" என்று மிரட்டினால் பயப்பட வேண்டுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது, ஓர் உறுப்பினர் அக்கா பையிலிருந்து ஒரு ஸ்டாம்பு பேப்பரை எடுத்து நீட்டினார். "இதுல நாளைக்குக் கையெழுத்துப் போடணும். என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தால் அது விடுதலைப் பத்திரம். அப்பா பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கர் நஞ்சையில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவரே எழுதிக் கொடுப்பது போன்ற பத்திரம். அதற்குத் தம்பி கொடுப்பது இருபதாயிரம் ரூபாய்.

"ஏங்க்கா, உங்க பங்கை ஏன் விடுறீங்க?" என்று கேட்டோம்.

"எங்கப்பா 2003-லயே போயிட்டாரு. பொம்பளப் புள்ளைக்குப் பங்குன்னு சட்டம் 2005-ல தான வந்துச்சாம். அதனால எனக்குக் கிடையாதுங்கறான் தம்பி. மீறி கேஸ் போட்டா சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போவேன், உன்னால டெல்லிக்கு வர முடியுமான்னு கேக்கறான். நான் எங்க போறது? வந்தவரைக்கும் லாபம்னு..."

நம் ஊர்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. வரப்புத் தகராறு, நகைத் தகராறு, அடிதடி, எதுவானாலும் "சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போவேன்" என்று ஒருவர் சொன்னதும் எதிரில் இருப்பவர் பாதி தோற்றுவிடுகிறார். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் இந்தப் பயத்துக்குக் காரணம். ஆகவே உச்ச நீதிமன்றம் அப்பீலை எப்படி எடுக்கிறது, எப்படித் தீர்க்கிறது என்பதை இந்த இதழில் நமக்குப் புரிகிற மாதிரி பார்ப்போம்.

கடைசிப் படிக்கு முன் எத்தனை படி?

வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டு வழக்குகளின் கடைசி அப்பீல் கப்பலேறி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. நாடு குடியரசான பிறகு 1950 ஜனவரி 28-ல் டெல்லியில் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. அன்று தலைமை நீதிபதியுடன் சேர்த்து 8 நீதிபதிகளுக்குத்தான் இடம். 2019-ல் அந்த எண்ணிக்கை 34 ஆக உயர்த்தப்பட்டது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வழக்கைக் கேட்பதில்லை. பெரும்பாலான வழக்குகளை இரண்டு அல்லது மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்கும். அரசியல் சட்டத்துக்குப் பொருள் சொல்ல வேண்டிய முக்கியமான கேள்வி என்றால் குறைந்தது 5 நீதிபதிகள் உட்கார வேண்டும்.

நம் ஊர் வழக்கு நேரே அங்கே போய்விடாது. சொத்து, பாகப்பிரிவினை, கடன் போன்றவை சிவில் வழக்குகள், அதாவது உரிமையியல் வழக்குகள். சொத்தின் மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட், சப் கோர்ட் அல்லது மாவட்டக் கோர்ட்டில் தொடங்கும். அங்கே தோற்றவர் மேல் கோர்ட்டுக்கு முதல் அப்பீல் போடலாம். அதற்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றம், அல்லது அதன் மதுரைக் கிளை. அடிதடி, கொலை, வரதட்சணைக் கொடுமை, பாலியல் வன்முறை போன்றவை கிரிமினல் வழக்குகள், அதாவது குற்றவியல் வழக்குகள். இவை குற்றவியல் நடுவர் கோர்ட், செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றம் என்று ஏறும். இத்தனை படிக்கும் பிறகுதான் டெல்லி.

நம் கூட்டமைப்பை நினைத்துப் பாருங்கள்

ஒரு குழுவில் உள்கடன் கொடுத்ததில் சண்டை வருகிறது. முதலில் குழுக் கூட்டத்திலேயே விசாரிக்கிறோம். யார் வாங்கினார், யார் சாட்சி, எவ்வளவு திருப்பிக் கட்டினார் என்று எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்கிறோம். தீராவிட்டால் விஷயம் கூட்டமைப்புக்கு வருகிறது. கூட்டமைப்புத் தலைவி திரும்பவும் ஒவ்வொரு வீடாகப் போய் "நீ பார்த்தியா, நீ பார்த்தியா" என்று கேட்பாரா? மாட்டார். "தீர்மானப் புத்தகத்தைக் கொண்டா, லெட்ஜரைக் கொண்டா. நாம் போட்ட விதிப்படி நடந்திருக்கா?" என்று பார்ப்பார்.

உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே சாட்சிக் கூண்டில் நம்மை ஏற்றி முதலிலிருந்து விசாரிப்பதில்லை. கீழ்க் கோர்ட்டில் பதிவான சாட்சியம், காட்டிய பத்திரங்கள், இரண்டு தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் கட்டாகப் போகும். தமிழில் உள்ளதை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். வக்கீல்கள் வாதாடுவார்கள். கீழே சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தினார்களா, பெரிய அநியாயம் ஏதும் நடந்திருக்கிறதா என்று நீதிபதிகள் பார்ப்பார்கள். நடந்தது என்ன என்பதில் கீழே இருந்த கோர்ட்டுகள் ஒரே முடிவு சொல்லியிருந்தால் அதை லேசில் மாற்ற மாட்டார்கள். சாட்சியத்தைக் கொஞ்சமும் பார்க்காமல் தீர்ப்பு எழுதியது போன்ற பெரிய தப்பு இருந்தால்தான் கை வைப்பார்கள்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டெல்லியில் ஜெயிக்க வேண்டிய வழக்குக்கும் அடித்தளம் போடப்படுவது நம் தாலுகா கோர்ட்டில்தான். அங்கே காட்டாத பத்திரத்தை, சொல்லாத சாட்சியை, பல வருடம் கழித்து மேலே போய்க் காட்டுவது மிகவும் கஷ்டம்.

சிவில் வழக்கு உள்ளே போக இரண்டு கதவு

முதல் கதவு, உயர் நீதிமன்றம் கொடுக்கும் சான்று. "இந்த வழக்கில் பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருக்கிறது, இதை உச்ச நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும்" என்று உயர் நீதிமன்றமே எழுதிக் கொடுக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 133-வது பிரிவு இதைச் சொல்கிறது. முன்பெல்லாம் சொத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதா என்பதும் ஒரு கணக்காக இருந்தது. 1972-ல் கொண்டுவந்த 30-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. அரை ஏக்கரோ ஐம்பது ஏக்கரோ, சட்டக் கேள்வி பெரிதாக இருக்கிறதா என்பதே இப்போது கணக்கு.

இரண்டாவது கதவு, சிறப்பு அனுமதி மனு. உயர் நீதிமன்றம் சான்று கொடுக்காவிட்டாலும், "எங்கள் அப்பீலைக் கேட்க அனுமதி கொடுங்கள்" என்று உச்ச நீதிமன்றத்திடமே கேட்கலாம். இது 136-வது பிரிவு. இன்று பெரும்பாலோர் போவது இந்தக் கதவு வழியாகத்தான். ஆனால் இது கேட்பவரின் உரிமை கிடையாது. கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதிகள் கையில்.

மனு முதலில் வரும் நாளில் சில நிமிடங்களே கேட்பார்கள். விஷயம் இல்லை என்று பட்டால் அன்றே தள்ளுபடி. விஷயம் இருக்கிறது என்று பட்டால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். இரண்டு பக்கமும் கேட்டு அனுமதி கொடுத்தால் மட்டுமே அது முறையான அப்பீலாக மாறி, நம்பர் போட்டு, முழு விசாரணைக்கு வரும். "சுப்ரீம் கோர்ட்டுக்குப் போவேன்" என்று சொல்பவர் மனு வேண்டுமானால் போடலாம். கதவு திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாளே ஒரு வரியில் தள்ளுபடி செய்தால், "உயர் நீதிமன்றம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி" என்று உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியதாக அர்த்தமில்லை. "இதை நாங்கள் எடுக்கவில்லை" என்றுதான் அர்த்தம். ஆனால் அந்த வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு நின்றுவிடும்.

நம் மாநிலத்து வழக்கு ஒன்று

2022 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கு. கதையைக் கேளுங்கள்.

ஒரு விவசாயி 1938-ல் கோர்ட் ஏலத்தில் சொந்தக் காசில் நிலம் வாங்கினார். அவருக்கு ஒரே மகள், ஆண் வாரிசு இல்லை. உயில் எழுதாமல் 1949-ல் இறந்துபோனார். மகளும் 1967-ல் குழந்தை இல்லாமல் இறந்தார். அந்த விவசாயியின் அண்ணன் தம்பி வீட்டில் ஒரு மகனும் நான்கு மகள்களும் இருந்தார்கள். "பெரிய வீட்டில் ஆண் பிள்ளை நான் ஒருத்தன்தான், அதனால் நிலம் முழுக்க எனக்கு" என்பது அந்த மகன் பக்கத்து வாதம். "நிலம் முதலில் அவருடைய மகளுக்குப் போனது. அவருக்குப் பிறகு எங்கள் ஐந்து பேருக்கும் சமமாக வர வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கொடு" என்று ஒரு சகோதரி வழக்குப் போட்டார்.

1994-ல் கீழ்க் கோர்ட்டில் அந்தச் சகோதரி தோற்றார். 2009-ல் உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே அந்த விவசாயி இறந்துவிட்டதால், மகளுக்குப் போகாமல் ஆண் வழிக்கே நிலம் போய்விட்டது என்று இரண்டு கோர்ட்டும் சொல்லின.

உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? நிலத்தை வாங்கியது யார், எப்போது இறந்தார் என்று மறுபடி விசாரிக்கவில்லை. அவர் சொந்தமாக வாங்கிய நிலம் என்பது ஏற்கெனவே தெளிவாக இருந்தது. மீதி இருந்தது ஒரே சட்டக் கேள்வி. 1956-க்கு முன் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியச் சொத்து ஒரே மகளுக்கு வருமா, வராதா? பழைய சாஸ்திர நூல்களையும் பழைய தீர்ப்புகளையும் எடுத்துப் பார்த்தார்கள். மகளுக்கு வாரிசுரிமை பழைய இந்து முறையிலேயே இருக்கிறது, அப்படிப்பட்ட சொத்து மகளுக்குத்தான் வரும் என்று முடிவு செய்தார்கள். அந்த மகள் 1956-க்குப் பிறகு குழந்தையில்லாமல் இறந்ததால், அப்பா வழி வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆகவே அந்த ஐந்து பேரில் ஒருவரான சகோதரிக்கு ஐந்தில் ஒரு பங்கு. கீழே வந்த இரண்டு தீர்ப்பும் ரத்து.

நல்ல தீர்ப்புதான். ஆனால் 1994-க்கும் 2022-க்கும் நடுவில் 28 வருடம். அப்பீல் செய்தவரே இறந்து, வாரிசுகள்தான் நடத்தி முடித்தார்கள். தாமதம் நம் நீதிமன்றங்களில் பெரிய குறை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 1938-ல் வாங்கிய நிலத்தின் விவரமும் இறந்த தேதியும் கீழ்க் கோர்ட்டிலேயே பதிவாகியிருந்ததால்தான் இத்தனை வருடம் கழித்தும் நியாயம் கேட்க முடிந்தது.

இரண்டு தீர்ப்பு இரண்டு விதமாக இருந்தால்?

இப்போது நம் அக்கா விஷயத்துக்கு வருவோம். 2005 செப்டம்பர் 9-ல் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்றது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் "இருந்திருக்க வேண்டும்" என்றார்கள். 2018-ல் வேறு இரண்டு நீதிபதிகள், அதற்கு முன்பே அப்பா இறந்த ஒரு வழக்கில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். கீழ்க் கோர்ட்டுகள் எதைப் பின்பற்றும்?

இப்படிச் சிக்கல் வந்தால் பெரிய அமர்வுக்கு அனுப்புவார்கள். 2020 ஆகஸ்ட் 11-ல் மூன்று நீதிபதிகள் தீர்த்துவைத்தார்கள். உரிமை பிறப்பால் வருகிறது, ஆகவே 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றார்கள். ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்ததையும், விற்று முடித்ததையும் கிளற முடியாது.

உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் நாட்டில் உள்ள எல்லாக் கோர்ட்டையும் கட்டுப்படுத்தும். 141-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. யாரோ ஒரு பெண் டெல்லியில் நடத்திய வழக்கு, நம் பஞ்சாயத்து அக்காவுக்கு இங்கே உதவுகிறது. அவர் டெல்லி போகவே தேவையில்லை. "அப்பா 2003-ல் இறந்தார், அதனால் பங்கில்லை" என்ற பேச்சு 2020-லேயே முடிந்துபோனது. நிலம் அப்பாவின் சுயசம்பாத்தியமாக இருந்தால் இன்னும் சுலபம். உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளும் முதல் நிலை வாரிசு என்பது 1956 முதலே சட்டம்.

கிரிமினல் வழக்கில் எப்படி?

இங்கே ஒருவரின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டிருப்பதால் சில சமயம் அனுமதி கேட்காமலே அப்பீல் செய்யும் உரிமை உண்டு. கீழ்க் கோர்ட் விடுதலை செய்தவரை உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று மாற்றி மரண தண்டனை கொடுத்தால், அவர் உரிமையோடு உச்ச நீதிமன்றம் போகலாம். 1970-ல் வந்த ஒரு சட்டம், ஆயுள் தண்டனைக்கும் பத்து வருடத்துக்குக் குறையாத சிறைக்கும் இதை விரிவாக்கியது. மற்றவர்கள் உயர் நீதிமன்றச் சான்றோ சிறப்பு அனுமதியோ வாங்கித்தான் போக வேண்டும்.

போலீஸ் தரப்பு தோற்றால் அரசாங்கம் அப்பீல் செய்யலாம். பாதிக்கப்பட்டவர்? 2009 கடைசியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எதிரியை விடுதலை செய்தாலோ, சின்னக் குற்றமாகக் குறைத்தாலோ, இழப்பீடு குறைவாகக் கொடுத்தாலோ பாதிக்கப்பட்டவரே மேல் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தபோதும் இந்த உரிமை தொடர்கிறது. "போலீஸ் அப்பீல் போடல, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் விடுதலையை மாற்றுவது சுலபமில்லை. ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்றால், சந்தேகத்தின் பலன் எதிரிக்குத்தான். ஆகவே முதல் தகவல் அறிக்கையில் விவரம் சரியாக இருப்பதும், மருத்துவப் பரிசோதனை உடனே நடப்பதும், சாட்சிகள் பயப்படாமல் சொல்வதும் முக்கியம்.

எல்லோருக்கும் நினைவிருக்கும் டெல்லி வழக்கை எடுத்துக்கொள்வோம். 2012 டிசம்பர் 16 இரவு ஓடும் பேருந்தில் ஒரு மாணவியைச் சிதைத்தார்கள். 2013 செப்டம்பரில் விரைவு நீதிமன்றம் நான்கு பேருக்கு மரண தண்டனை விதித்தது. மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் செல்லும். 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2017 மே 5-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அப்பீலைத் தள்ளுபடி செய்தார்கள். அந்த மூவரில் ஒருவர் நீதிபதி ஆர். பானுமதி. நம் தமிழ்நாட்டில் மாவட்ட நீதிபதியாகத் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனவர். அதன் பிறகும் சீராய்வு மனு, கடைசி மனு, கருணை மனு எல்லாம் முடிந்து 2020 மார்ச் 20-ல்தான் தண்டனை நிறைவேறியது. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்குக்கே ஏழு வருடத்துக்கு மேல்.

உச்ச நீதிமன்றமே தப்புச் செய்தால்?

தீர்ப்பில் வெளிப்படையான பிழை இருந்தால் 30 நாளுக்குள் சீராய்வு மனு போடலாம். பெரும்பாலும் அதே நீதிபதிகள், வக்கீல் வாதம் இல்லாமல், தங்கள் அறையிலேயே பார்ப்பார்கள். மரண தண்டனை வழக்கில் மட்டும் 2014 முதல் திறந்த கோர்ட்டில் கேட்கிறார்கள். அதுவும் போனால் கியூரேட்டிவ் மனு என்று ஒன்று. 2002-ல் உச்ச நீதிமன்றமே ஏற்படுத்திய கடைசி வழி அது. இரண்டும் ஜெயிப்பது மிக அபூர்வம்.

நீதிபதிகளும் மனுஷர்கள்தான். 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசி இளம்பெண் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளானார். செஷன்ஸ் கோர்ட் போலீஸ்காரர்களை விட்டது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம், அந்தப் பெண் உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடியதாகத் தெரியவில்லை என்று சொல்லி அவர்களை மறுபடி விடுதலை செய்தது.

ஸ்டேஷனுக்குள் ஒரு ஏழைப் பெண் யாரை எதிர்த்துப் போராடுவாள்? 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கின. அந்த வழக்கின் தீர்ப்பு மாறவில்லை. ஆனால் 1983-ல் சட்டம் மாறியது. காவலில் நடக்கும் பாலியல் வன்முறை தனிக் குற்றமாக்கப்பட்டது. அப்படிப்பட்ட வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று பெண் சொன்னால், கோர்ட் அதை உண்மையென்று கொண்டே தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. கடைசிக் கோர்ட் சொன்ன பிறகும் பெண்கள் சேர்ந்து நின்றதால் இது நடந்தது.

நாம் மறக்கக் கூடாதவை

1. நாள் கணக்கு. சிவில் வழக்கில் மாவட்ட அளவிலான கோர்ட்டுக்கு அப்பீல் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சிறப்பு அனுமதி மனுப் போட 90 நாள். கிரிமினலில் தண்டனையை எதிர்த்துச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பு நகல் கேட்டு விண்ணப்பித்தால், நகல் தயாராக ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். அதனால் தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் கோர்ட் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது.

இதில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு குழுவில் ஓர் உறுப்பினர் வீட்டு மனை வழக்கில் தோற்றார். "கேஸ் போயிருச்சு" என்று கூட்டத்தில் அழுதார். நாங்கள் ஆறுதல் சொன்னோமே தவிர, தீர்ப்பு என்றைக்கு வந்தது, நகல் வாங்கியாச்சா என்று கேட்கவில்லை. வக்கீலும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து மனையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தபோதுதான் ஓடினோம். காலம் கடந்துவிட்டது. அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இன்றும் அந்த வீட்டுப் பக்கம் போகச் சங்கடமாக இருக்கிறது.

2. அப்பீல் போட்டதும் தீர்ப்பு தானாக நின்றுவிடாது. மேல் கோர்ட் தடை உத்தரவு கொடுத்தால்தான் நிற்கும். "அப்பீல் போட்டாச்சு, நீ நிலத்துல கால் வைக்கக் கூடாது" என்று எதிரி சொன்னால், "ஸ்டே ஆர்டரைக் காட்டு" என்று கேளுங்கள்.

3. காகிதம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தீர்ப்பு நகல் எல்லாவற்றையும் ஒரே கவரில் வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

4. இலவச வக்கீல். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டிலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் தனித்தனியாகச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. எதிரி டெல்லிக்குப் போனால் அங்கேயும் நமக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். தேசிய உதவி எண் 15100. "டெல்லியில ஆள் இருக்கு, ஐம்பதாயிரம் கொடு" என்று வரும் புரோக்கரை நம்பாதீர்கள். உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்ய, அதற்கென்றே தேர்வு எழுதிப் பதிவு பெற்ற வக்கீல்களால்தான் முடியும்.

5. மக்கள் நீதிமன்றம். லோக் அதாலத்தில் சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. சீக்கிரம் முடிவது நல்லதுதான். ஆனால் முழுவதும் படித்துக் காட்டச் சொல்லி, சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

6. தமிழில் படிக்கலாம். 2019 முதல் உச்ச நீதிமன்றம் தன் முக்கியமான தீர்ப்புகளை இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. தமிழும் உண்டு. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை விட்டு இணையத்தில் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த அக்கா என்ன செய்தார்?

மறுநாள் அவர் கையெழுத்துப் போடவில்லை. குழுவிலிருந்து இரண்டு பேர் துணைக்குப் போய், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தார்கள். தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார்கள். முதலில் அவர் வரவே இல்லை. இரண்டாம் முறை வந்து, "சரி, ஐம்பதாயிரம் தர்றேன்" என்றாராம். இருபது ஐம்பதானதும் அக்காவுக்கே விஷயம் புரிந்துவிட்டது. இப்போது இலவச வக்கீல் மூலம் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. ஜெயிப்பாரா என்று நாங்கள் சொல்ல முடியாது. அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும்.

போன கூட்டத்தில் அவரைப் பார்த்தபோது, "தம்பி இன்னும் சுப்ரீம் கோர்ட்டுன்னு சொல்றாரா?" என்று கேட்டோம்.

"சொல்றான். சொல்லட்டும். எங்க போனாலும் இந்தக் காகிதம்தான போகணும்" என்று பையைத் தட்டிக் காட்டினார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள். உங்கள் குழுவில் யாருக்கெல்லாம் வழக்கு நடக்கிறது? கடைசித் தீர்ப்பு எந்தத் தேதி? நகல் கையில் இருக்கிறதா? இந்த மூன்று கேள்விக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். நாள் நெருங்கினால் அந்த மாதக் கூட்டம் வரை காத்திருக்காமல் உடனே எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.